கொலு சிப்பாய்க்குப் பளபளப்பு... அவசரம் வேண்டாம்!

புரட்டாசி பிறந்தால் கிண்டி அடுக்குமாடி வீடுகளிலும் பரணிலிருந்து கொலுப் பெட்டி இறங்கும். செட்டியாரும் ஆச்சியும் சிரித்தபடி இருப்பார்கள். பாட்டி காலத்து பேண்டு வாத்திய சிப்பாய்கள்தான் மங்கி, பழுப்பேறிக் கிடப்பார்கள்.

உடனே ஈரத்துணியை எடுக்காதீர்கள். பழைய களிமண், காகிதக்கூழ் பொம்மைகள் பலவற்றில் இருப்பது தண்ணீரில் கரையும் வண்ணம். ஒரே துடைப்பில் மீசை போய்விடும்! உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினாலே பாதி வேலை முடிந்தது. பிறகு, அடிப்பாகத்தில் லேசாக நனைத்த காது பட்ஸை ஒற்றிப் பாருங்கள். வண்ணம் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் கூடாது. தூசி போகாமல் வார்னிஷ் அடித்தால் அழுக்குக்கும் சேர்த்துத்தான் மெருகேறும்.

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். தேய்த்தால் பறக்கும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. (இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் கம்பெனி 1893 முதல் விற்ற சிப்பாய்களுக்கு உடம்பே ஈயம்தான்!)

உதிர்ந்த இடத்தில் மட்டும் அக்ரிலிக் வண்ணம் தொட்டு வையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் ஸ்பிரே வார்னிஷ், மெல்லிசாக ஒரு கோட், ஜன்னலைத் திறந்துவைத்து.

கண் எழுதுவதை மட்டும் கைதேர்ந்தவர்களிடம் விடுங்கள். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு சீசனில் கடை போடும் பொம்மைக்காரர்களிடம் விசாரிக்கலாம். கொஞ்சம் முன்கூட்டியே போங்கள். நவராத்திரி நெருங்கிவிட்டால் அவர்களுக்கு வியாபாரத்துக்கே நேரம் போதாது.