திரைகடல் தடங்கள் – 14: புத்தருக்குப் பின்புறம் உரல் இழுக்கும் கண்ணன்

பிரான்மலைக் கொடுங்குன்றநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஐந்நூற்றுவர் வணிகக் குழு தங்கள் சரக்கின் மீது கோயிலுக்கு வைத்துக்கொண்ட மகமையைச் சொல்வது. உப்பு, நெல், மிளகு, பாக்கு என்று சந்தைச் சரக்கில் தொடங்கும் பட்டியல் அகில், பட்டு, பன்னீர், குதிரை, யானை என்று நீள்கிறது. நம் சிவகங்கைச் சீமையின் மலையடிவாரத்தில் கப்பல் சரக்குக்குக் கணக்கு! அந்தக் கப்பல்கள் கண்ட துறைகளில் ஒன்றுதான் தென்கிழக்குச் சீனத்துச் சுவான்சோ. மார்க்கோ போலோ சைத்தூன் என்று வியந்த ஊர்.

அங்குள்ள கையுவான் பௌத்த மடாலயம் 686இல் தொடங்கியது. முற்றத்தின் இருபுறமும் 13ஆம் நூற்றாண்டுக் கற்கோபுரங்கள். கிழக்கே நிற்பது 48 மீட்டர் உயரம். மேற்குக் கோபுரத்தில் வாளேந்திய குரங்கு வீரன் ஒருவன் இருக்கிறான். அனுமன்தான் என்று சிலர் சாதிக்கிறார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை.

பெரிய மண்டபத்தில் ஐந்து புத்தர்கள், ஊதுபத்திப் புகை, முண்டியடிக்கும் கூட்டம். தமிழர் பார்க்க வேண்டியது பின்புறத் தாழ்வாரம். கரும்பச்சைக் கல்லில் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு. வட்டங்களுக்குள் நரசிம்மர், யானையைக் காக்க வரும் திருமால், உரலோடு மருதமரங்களுக்கிடையே புகும் கண்ணன், கோபியர் சேலையோடு மரத்தில் ஏறிய கண்ணன். கதை நம்முடையது, முகங்களில் சீனச் சாயல். உளி பிடித்தவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். முன்புற மேடையின் அடியில் மனிதத்தலைச் சிங்கங்களும் சிங்கங்களுமாக 70க்கும் மேற்பட்ட பலகைகள். எல்லாம் அழிந்துபோன ஓர் இந்துக் கோயிலின் கற்கள். மிங் காலத் திருப்பணியில் இங்கே வந்து சேர்ந்தன. புத்த மடம் நம் தூணைத் தூக்கிக்கொண்டது என்று யாராவது குமுறினால் நான் சேரமாட்டேன். இடிந்த கோயிலின் கல் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போவதை நம் ஊர்ப் பக்கமே பார்த்திருக்கிறோம்.

கோயில் இருந்ததற்குச் சாட்சி 1956இல் இதே ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு. கடைசி வரி சீனத்தில். 1281 சித்திரையில், குப்லாய்கான் ஆட்சியில், சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கதலீசுவரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்திருக்கிறார், செகாசைக்கான் என்ற மங்கோலியரின் உடல்நலம் வேண்டி. ஆளுகிறவரின் தயவு, ஈசுவரனின் காவல் இரண்டும் ஒரே கல்லில். வியாபாரம் தெரிந்த மனிதர்கள்!

அவர்கள் நம் செட்டிநாட்டு நகரத்தார்தாம் என்று அடித்துவிட எனக்கும் ஆசைதான். கல்வெட்டில் அதற்கு இடமில்லை. ஆனால் 1859இல் சிங்கப்பூரில் தண்டாயுதபாணியை எழுந்தருளச் செய்த நகரத்தார் புதுப்பழக்கம் எதையும் தொடங்கவில்லை என்பது உறுதி. ஏறக்குறைய அறுநூறு ஆண்டுப் பழைய வழக்கம் அது.

பதிலுக்குச் சீனர் பெயரைச் சுமந்து நாகப்பட்டினத்தில் ஒரு கோபுரம் நின்றது. அதை 1867இல் இடித்த கதை அடுத்த வாரம்.