பலகாரக் கடையிலிருந்து வானவெளிக்கு

வணிகன் ஒருவன் தன் கடையை மறந்து வேறொன்றில் நாட்டம் செலுத்தினால் முதலுக்கே மோசம் வரும் என்று பெரியோர் கூறுவதுண்டு. அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், உணவுப் பண்ட வாணிபத்தில் ஈடுபட்டிருந்த இருவர் விமானம் ஓட்டவும் முற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலிருந்து நம் சங்கங்கள் பெறத்தக்க பயன் யாதென ஈண்டு ஆராய்வோம்.

முதலாமவர் சென்னையில் வாழ்ந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். ஐரோப்பாவிலிருந்து வந்து இந்நகரில் குடியேறிய இவர், முதலில் மேனாட்டு இனிப்புப் பலகாரக் கடை நடத்தினார். பின்னர் மவுண்ட் ரோட்டில் தம் பெயராலேயே ஒரு ஹோட்டலை நிறுவினார். 1909 ஜூலை 25 அன்று பிரெஞ்சுக்காரரான ப்ளேரியோ இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் கடந்த செய்தி உலகெங்கும் பரவியது. அது டி ஏஞ்சலிஸின் உள்ளத்தையும் கவர்ந்தது. தாமே ஒரு விமானத்தைத் திட்டமிட்டார். அதனைச் செய்து கொடுத்தது சென்னையில் வண்டி கட்டும் தொழிலில் பெயர் பெற்றிருந்த சிம்ப்சன் கம்பெனி. சிறிய எஞ்சின் ஒன்று பொருத்தப்பட்ட அவ்வூர்தியை 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கவிட்டுச் சோதித்தார். பின்னர்த் தீவுத்திடலில் கட்டணம் வசூலித்துப் பொதுமக்களுக்கும் காட்டினார். அலகாபாத்திலிருந்து ஆன்ரி பெக்கே என்பவர் விமானத்தில் தபால் கொண்டு சென்றது இதற்குப் பின், 1911 பிப்ரவரி 18 அன்றுதான் என்பதை எண்ணின், இம்முயற்சியின் முன்மை விளங்கும்.

நெசவாளர் இதில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அக்காலத்து விமானங்களின் இறக்கைகள் பெரும்பாலும் மரச் சட்டத்தின்மீது துணியை இழுத்துப் போர்த்தி, துணி விறைப்பாக நிற்கும்படி ஒருவகைப் பூச்சுப் பூசப்பட்டவை. முதல் உலகப் போரின்போது அயர்லாந்தின் லினன் துணி இதற்கெனப் பெருமளவில் நெய்யப்பட்டது. அதற்குத் தட்டுப்பாடு நேரவே, அமெரிக்காவில் பருத்தித் துணி அதனிடத்தைப் பிடித்தது. அவ்வகைத் துணியில் ஓர் அங்குலத்துக்கு 80 இழைகளுக்குக் குறையலாகாது. ஓர் அங்குல அகலமுள்ள துண்டு 80 பவுண்டு இழுவிசையைத் தாங்க வேண்டும் என விதி வகுத்தனர். பறப்பவனின் உயிர், நெய்தவனின் ஒழுங்கைப் பற்றி நின்றது.

இரண்டாமவர் அயர்லாந்தின் ஸர் ஹோரஸ் பிளங்கெட். 1854-இல் பிறந்த இவர், 1878-இல் தம் ஊராகிய டன்சானியில் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றைத் தொடங்கினார். சில்லறைக் கடைக்காரரின் கொள்ளை விலையினின்றும் ஏழைக் குடியானவரைக் காப்பதே அதன் நோக்கம். பின்னர் அமெரிக்காவில் பத்தாண்டுகள் மாட்டுப் பண்ணை நடத்தித் திரும்பினார். பாலை ஒன்று சேர்த்து வெண்ணெய் எடுக்கும் சங்கங்களை அமைக்க ஊர் ஊராகச் சென்றார். ஐம்பது கூட்டங்களில் பேசிய பின்னும் ஒரு சங்கமேனும் உருவாகவில்லை. அவர் தளரவில்லை. 1889-இல் டிரம்காலகர் என்னுமிடத்தில் முதல் பால் சங்கம் எழுந்தது. 1894-இல் சங்கங்கள் அனைத்துக்கும் தலைமை நிலையம் அமைந்தது. எழுபது வயதைக் கடந்தபின் விமானம் ஓட்டவும் பயின்ற இப்பெரியார், 1932-இல் காலமானார்.

இவ்விருவரையும் ஒப்பிடுவோம். டி ஏஞ்சலிஸின் துணிவு குறைந்ததன்று. ஆனால் அவர் பொருளும் அவருடையதே, அறிவும் அவருடையதே. அவருக்குப் பின் அதனை ஏற்று நடத்த ஓர் அமைப்பு இல்லை. அவ்விமானத்தின் சட்டத்தை இழைத்த தச்சர் யார், இரும்பை அடித்த கொல்லர் யார் என்பதை இன்று யாரும் பேசுவதில்லை. பிளங்கெட்டோ, தாம் கண்டதைச் சங்கத்தின் உடைமையாக்கினார். ஆகவே அவர் மறைந்த பின்னும் பணி நின்றது.

இது நமக்கு அயலான செய்தியன்று. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தமையால் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்தன. காட்டுப்பள்ளியிலோ கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-இல் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அதன் திறன். துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில், பழைய பயிரையே பழைய முறையில் செய்வேன் என்பவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? உவரைத் தாங்கும் நெல்வகையையும், சொட்டு நீர்ப் பாசனத்தையும், தறியில் புதிய துணி வகையையும் யாரேனும் முதலில் சோதித்துத்தான் ஆக வேண்டும். தனி ஒருவர் சோதித்துத் தோற்றால் அவர் குடும்பம் கடனில் மூழ்கும். சங்கம் சோதித்தால் நட்டம் பலர் தோளில் பரவும்; படிப்பினையோ அனைவருக்கும் கிட்டும்.

பொதுப்பணத்தில் சோதனையா எனத் தணிக்கை செய்யும் நாமே தடை கூறுவோம் என அங்கத்தினர் அஞ்சலாம். அச்சம் வேண்டுவதில்லை. விதிகளுக்கு உட்பட்டு, பொதுக்குழுவின் தீர்மானம் பெறுக. செலவுக்கு வரம்பு கட்டுக. சேமநிதியில் கை வையாதீர். ஒரு தறியிலோ அரை ஏக்கரிலோ தொடங்குக. செய்தவர் பெயர், செலவு, விளைவு ஆகிய மூன்றையும் அன்றன்றே பதிவேட்டில் எழுதி, வென்றாலும் தோற்றாலும் அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுக. அவ்வாறு எழுதப்பட்ட தோல்வியும் சங்கத்துக்குச் சொத்தேயாகும். எழுதப்படாத வெற்றியோ, தீவுத்திடலில் ஒருநாள் கண்ட வேடிக்கையாய் மறைந்துபோம்.