முதற்பிரதியைத் தேடும் ரசிகர்கள்

1977-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை, அன்று ஜனங்கள் பார்த்து வியந்தபடியே பார்க்க வேண்டுமென்று ஒருவர் ஆசைப்பட்டால், கடையில் விற்கும் ப்ளூ-ரே தகட்டிலும் டிஸ்னியின் இணையத் திரையிலும் அவருக்குக் கிடைப்பது, டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ் பிற்காலத்தில் திருத்தியும் கூட்டியும் அமைத்த வேறொரு வடிவமேயாகும். பழைய வடிவத்தைக் காப்பாற்றும் பொறுப்பு, ஊதியம் ஏதும் பெறாத சில ரசிகர்களின் கைக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு என்பது சற்று விசித்திரமான கதை.

மாறுதல் சிறிதாகவே தொடங்கிற்று. 1981-இல் படம் மறுபடி திரைக்கு வந்தபோது, தொடக்கத்தில் ஓடும் எழுத்துக்களில் ‘நான்காம் பாகம்’ என்ற குறிப்பும் ஒரு துணைத் தலைப்பும் புதிதாக இடம்பெற்றன. 1997-இல் வெளிவந்த ‘விசேஷப் பதிப்பு’ அவ்வளவோடு நிற்கவில்லை. கம்ப்யூட்டரால் வரைந்த பிராணிகளும் வாகனங்களும் பழைய காட்சிகளுக்குள் புகுந்தன. முன்னே தானாகவே சுட்டுவிட்டுப் போன, படத்தின் நாயகர்களுள் ஒருவனான ஹான் ஸோலோ, இப்போது எதிரி சுட்ட பிறகு சுடுகிற சாதுவானான். 2004, 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் மேலும் திருத்தங்கள் நேர்ந்தன. இவற்றுள் சில கண்ணுக்கு இனியவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் 1997-இன் திருத்தத்துக்காக மூல நெகட்டிவையே வெட்டிப் புதிய பகுதிகளை அதில் ஒட்டிவிட்டார்கள் என்பதுதான் விபரீதம்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் பூசும் வழக்கத்தை எதிர்த்து 1988-இல் அமெரிக்கக் காங்கிரஸின் முன் சாட்சியம் கூறியவர் இதே லூகாஸ். பிறர் கைவைப்பது வேறு, படைத்தவனே திருத்துவது வேறு என்று அவர் சார்பில் வாதிக்கலாம். அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. இரண்டாம் பதிப்பு வெளியிட ஆசிரியனுக்குப் பூரண சுதந்திரம் இருக்கிறது. ஆனால் முதற்பதிப்பை வாசகன் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் சுதந்திரமும் அதனோடு சேர்ந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. ரசிகர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி 2006-இல் பழைய வடிவம் டி.வி.டி.யில் ஒரு முறை வெளிவந்ததென்னவோ உண்மை; ஆனால் 1993-இன் லேசர் டிஸ்குக்காகத் தயாரித்த மங்கலான பிரதியையே அதில் பதித்திருந்தபடியால், அகன்ற திரையின் நடுவே சிறுத்துத் தெரிந்த அந்தப் படம் எவருக்கும் திருப்தி அளிக்கவில்லை.

ஆகவே செக் நாட்டு ஆங்கில ஆசிரியர் ஒருவர், ப்ளூ-ரேயின் தெளிவான பிம்பத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, திருத்தப்பட்ட இடங்களையெல்லாம் களைந்து, பழைய தகடுகளிலிருந்தும் பிலிம் துண்டுகளிலிருந்தும் எடுத்த பகுதிகளை அங்கங்கே பொருத்தி, 2011-இல் ஒரு பிரதியை உருவாக்கினார். சிதைந்த ஏட்டுச் சுவடிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்கிப் பாடபேதம் பார்க்கிற பதிப்பாசிரியனுடைய சிரத்தை அது. இன்னொரு குழுவினரோ தகடுகளை நாடாமல் பிலிமையே தேடிப் புறப்பட்டார்கள். திரையரங்குகளில் ஓடித் தேய்ந்த 35 மி.மீ. பிரதிகளுள் பெரும்பாலானவை ஈஸ்ட்மன் ரகத்தவை. அவற்றிலுள்ள நீலப்பச்சைச் சாயம் காலப்போக்கில் மறைந்துபோக, படம் முழுவதும் சிவந்துவிடும். லண்டன் டெக்னிகலர் ஆலையில், சாயத்தைத் தனித்தனியாகப் பிலிமின்மேல் ஒற்றியெடுக்கும் பழைய முறையில் தயாரான பிரதிகள் மட்டும் நிறம் மங்காமல் நின்றன. டெக்னிகலர் பிரதி ஒன்றையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டு, ஏறத்தாழ 1,74,000 பிரேம்களையும் ஸ்கேன் செய்து, கீறலும் தூசியும் துடைத்து 2018-இல் அவர்கள் முடித்த பிரதியே ‘4கே77’ என்பது.

இவையெல்லாம் உரிமையாளரின் சம்மதமின்றி நடந்தவை. சட்டம் இவற்றுக்கு நிழல் தரவில்லை. ரசிகர்கள் இவற்றை விற்பதில்லை. நிறுவனம் வெளியிட்ட தகட்டை வாங்கியவர்களே இவற்றைப் பார்க்கலாம் என்று தங்களுக்குள் ஒரு தர்மத்தை விதித்துக்கொண்டிருக்கிறார்கள். நீதிமன்றத்தில் அந்தத் தர்மம் செல்லுபடியாகுமென்று சொல்வதற்கில்லை.

இத்தனைக்கும் பிறகு, ‘மூலம்’ எது என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. 1977-இல் படம் ஸ்டீரியோ, 70 மி.மீ., மோனோ என மூன்று வேறு ஒலியமைப்புகளுடன் ஓடிற்று. மோனோவில் மட்டும் ஸி-த்ரீபியோ என்னும் இயந்திர மனிதன் பேசுகிற ஒரு வசனம் உண்டு; அதில் கதாநாயகன் லூக்கின் சித்திக்குக் குரலே வேறு. ஒரே படத்தை அடுத்தடுத்த ஊர்களில் பார்த்த இருவர் வெவ்வேறு வசனங்களைக் கேட்டிருக்கக்கூடும். நிறத்தைப் பற்றியும் ரசிகர்களிடையே தீராத வழக்கு: டெக்னிகலர் பிரதியில் காணும் பசுமைச் சாயல் டைரக்டர் விரும்பியதா, அச்சிட்ட ஆலையின் கைவண்ணமா?

2025 ஜூனில் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் லண்டனில் நடத்திய விழாவில், நிறம் மங்காத 1977-ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று திரையிடப்பட்டது. படத்தின் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி, முதல் வெளியீட்டின் வடிவத்தையே செப்பனிட்டு 2027-இல் திரையரங்குகளுக்கு அனுப்பப்போவதாக லூகாஸ் ஃபிலிம் நிறுவனமும் இப்போது அறிவித்திருக்கிறது. அது வெளிவந்த மறுநாளே, தங்கள் பிரதியோடு அதை பிரேம் பிரேமாக ஒத்துப்பார்க்க ரசிகர்கள் உட்கார்ந்துவிடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.