முப்பது வயதில் பள்ளிக் கணக்கு: எந்த வகுப்பிலிருந்து ஆரம்பிப்பது?

டேட்டா சயின்ஸ் கோர்ஸுக்குப் பணம் கட்டியாச்சு. முதல் வாரம் பைத்தான் நன்றாகவே போனது. இரண்டாவது வாரம் ஒரு சூத்திரத்தில் 'லாக்' என்று ஒன்று வந்து நிற்கிறது. வீடியோவில் இருப்பவர், "இது ஸ்கூல்ல படிச்சதுதானே" என்று தாண்டிப் போய்விடுகிறார். அந்த இடத்தில் லேப்டாப்பை மூடி வைத்தவரா நீங்கள்? அப்படின்னா உங்களுக்குத் தேவை இன்னொரு கோர்ஸ் இல்லை, பழைய பள்ளிப் புத்தகம்.

எந்த வகுப்பில் விட்டோம்?

பெரும்பாலும் எல்லோரும் நேராகக் கால்குலஸ் வீடியோவில்தான் போய் உட்காருகிறோம். சிக்கல் அங்கே இருப்பதில்லை. ஒரு எண்ணின் வர்க்கத்திலிருந்து 4-ஐக் கழித்து, வந்ததை 'அந்த எண் கழித்தல் 2'-ஆல் வகுக்க வேண்டும். அந்த எண் 2-ஐ நெருங்க நெருங்க விடை எதை நெருங்கும்? 2-ஐ அப்படியே போட்டால் 0/0 என்று வந்து நிற்கும். மேலே உள்ளதை 'எண் கூட்டல் 2', 'எண் கழித்தல் 2' என்று இரண்டு காரணிகளாகப் பிரித்தால் ஒன்று அடிபட்டுப்போய் விடை 4 என்று தெரியும். லிமிட் என்ற விஷயம் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். காரணிப்படுத்துவது நடுநிலைப்பள்ளிப் பாடம். கை நிற்பது அங்கேதான்.

எனவே முதலில் ஒரு சின்ன சோதனை. பேப்பர், பேனா மட்டும், கால்குலேட்டர் வேண்டாம். 2/3-ஐ 4/9-ஆல் வகுத்தால் என்ன? ஒரு எண்ணின் மூன்றில் ஒரு பங்கையும் நான்கில் ஒரு பங்கையும் கூட்டினால் 7. அந்த எண் எது? விலையை 20% ஏற்றி, பிறகு 20% இறக்கினால் பழைய விலையே வருமா?

விடைகள்: 3/2, 12, வராது (4% குறைந்திருக்கும்). இவற்றில் ஒன்றில் தடுமாறினாலும் ஏழாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. பெரியவர்களுக்கு அந்தப் புத்தகம் சில வாரங்களில் முடிந்துவிடும். மூன்றும் சரியா? ஒன்பதிலிருந்து போகலாம்.

உங்கள் இ.எம்.ஐ-யே ஒரு பாடம்தான்

10 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 9% வட்டி, 20 வருடம். மாதத் தவணை சுமார் 8,997 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது ஏறக்குறைய 21.6 லட்சம். இதை வங்கி ஆப்பே சொல்லிவிடும். எப்படி வந்தது?

மாத வட்டி 0.75%. அடுத்த மாதம் கட்டும் தவணையின் இன்றைய மதிப்பைப் பார்க்க அதை 1.0075-ஆல் வகுக்க வேண்டும். அதற்கடுத்த மாதத் தவணையை இரண்டு தடவை. இப்படியே 240 மாதம். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரே விகிதத்தில் சிறியது. இதுதான் பதினொன்றாம் வகுப்பில் வரும் பெருக்குத் தொடர். அதன் கூடுதல் 10 லட்சமாக இருக்க வேண்டும் என்று போட்டால் தவணை கிடைத்துவிடும்.

முதல் மாதம் கட்டுவதில் 7,500 ரூபாய் வட்டிக்கே போகிறது; அசலில் குறைவது 1,497 மட்டும். சரி, கடன் பாதியாகக் குறைய எத்தனை வருடம்? பத்து என்றுதானே தோன்றுகிறது? சுமார் 14 வருடம், அதாவது 168 மாதம். கணக்கைச் சுருக்கினால் கடைசியில் ஒரு கேள்விதான் மிஞ்சும்: 1.0075-ஐ அதாலேயே எத்தனை தடவை பெருக்கினால் 3.5 வரும்? இந்த 'எத்தனை தடவை'-க்குப் பெயர்தான் லாக்.

எந்தப் புத்தகம்?

என்.சி.இ.ஆர்.டி புத்தகங்கள் அதன் இணையதளத்தில் இலவசம். ஆனால் அதில் லாக், பன்னிரண்டாம் வகுப்பில் வகையிடலுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. தனியாகப் படிப்பவருக்குச் சுலபமாகத் தவறிப்போகும். தமிழ்நாட்டுப் பாடநூலில் பதினொன்றாம் வகுப்பின் 'அடிப்படை இயற்கணிதம்' பாடத்திலேயே 'மடக்கை' என்ற பெயரில் இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்கள் இரண்டு வழிப் புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அணி என்றால் மேட்ரிக்ஸ், நிகழ்தகவு என்றால் ப்ராபபிலிட்டி என்று தெரிந்ததும் பாதி பயம் போய்விடும்.

வீடியோ தப்பில்லை. ஆனால் பார்த்தால் புரியும், போட்டால்தான் வரும். எடுத்துக்காட்டின் விடையை மறைத்துவிட்டு நீங்களே போடுங்கள். தப்பானவற்றைத் தேதியோடு குறித்துவைத்து மூன்று நாள் கழித்து மறுபடி போடுங்கள். தினமும் 40 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மணி நேரம் என்பது பெரும்பாலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுவிடும்.

சான்றிதழும் வேண்டுமா?

தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ்-இல் சேர வயது உச்சவரம்பு கிடையாது. கணிதத்தை மட்டும் எடுத்து எழுதி மதிப்பெண் பட்டியல் வாங்கவும் வழி இருக்கிறது. 2020-இல் ஐ.ஐ.டி மெட்ராஸ் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்புக்கும் வயது வரம்பு இல்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும், எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி. நான்கு வாரம் பாடம் நடத்தி, அதன் பிறகே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். அந்த நான்கு வாரக் கணிதத்தில் வருபவை கணங்கள், நேர்கோடு, இருபடிச் சமன்பாடு போன்றவை.