காத்து புகாத வீட்டில் விறகு அடுப்பு எரியுமா?

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் கிளாஸ்ல "இந்த பாஸ்கல் கணக்கெல்லாம் நிஜத்துல எங்க வரப்போகுது?"னு யோசிச்சிருப்பீங்க. ஜெர்மனியில் புதுசா கட்டுற வீடுகள்ல இது உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு. எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல வீடு. குளிர் நாடு என்பதால் உள்ளே இருக்கும் சூடு வெளியே போகக் கூடாது. அதனால் சுவர், ஜன்னல் ஓரம்னு எல்லா இடுக்கையும் அடைச்சிடுறாங்க. இதில் ரொம்ப கறாரான தரம் 'பாசிவ் ஹவுஸ்'. அதன் முதல் வீடுகள் 1991-ல் டார்ம்ஸ்டாட் நகரில் குடியிருப்புக்கு வந்தன. உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் கொடுத்துச் சோதித்தால், ஒரு மணி நேரத்தில் கசியும் காற்று வீட்டின் காற்று அளவில் 0.6 மடங்கைத் தாண்டக் கூடாது. 400 கனமீட்டர் வீடு என்றால் 240 கனமீட்டர்தான்.

அப்போ மூச்சு முட்டாதா? அதுக்குத்தான் வென்டிலேஷன் மெஷின். ஒரு ஃபேன் புதுக் காற்றை உள்ளே கொண்டு வரும், இன்னொன்று பழைய காற்றை வெளியே தள்ளும். நடுவில் ஹீட் எக்ஸ்சேஞ்சர். காற்று கலக்காது, சூடு மட்டும் கை மாறும். போகும் சூட்டில் முக்கால் பங்குக்கு மேல் திரும்பக் கிடைக்கும்.

இந்த வீட்டு ஹாலில் குளிர் காய ஒரு விறகு அடுப்பு வைத்தால்? புகையை மேலே இழுப்பது புகைபோக்கியின் இழுவிசை. சூடான புகைக்கு அடர்த்தி குறைவு, அவ்வளவுதான். கணக்குப் போடுங்க: புகைபோக்கி உயரம் 5 மீட்டர், வெளியே 0 டிகிரி, புகை 200 டிகிரி என்றால் சுமார் 27 பாஸ்கல். தீ அடங்கி புகை 50 டிகிரிக்கு வந்ததும் அது 10 பாஸ்கல்தான்.

இப்போ கிச்சன்ல யாரோ சிம்னி ஃபேனைப் போடுறாங்க. அது மணிக்கு 400 கனமீட்டர் காற்றை வெளியே இழுக்கப் பார்க்கும். ஜன்னல் மூடியிருக்கு. 240 கனமீட்டர் கசியவே 50 பாஸ்கல் வேணும்னு பார்த்தோம். அப்போ இந்த ஃபேன் முன்னாடி 10 பாஸ்கல் எம்மாத்திரம்? காற்றுக்குச் சுலபமான வழி புகைபோக்கிதான். புகை தலைகீழாக ஹாலுக்குள் இறங்கும்.

பெரிய தீயைவிட அணையப்போகும் தணல்தான் ஆபத்து. இழுவிசை குறைந்த அந்த நேரத்தில்தான் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குபவர் எழவே மாட்டார்.

"வென்டிலேஷன் மெஷின் இரண்டு பக்கமும் சமமா ஓடுதே, அதனால என்ன?"ன்னு கேட்கலாம். உள்ளே வரும் பக்கத்து ஃபில்டர் அடைத்தால் சமநிலை போச்சு. இன்னொரு சிக்கலும் உண்டு. கடுங்குளிரில் எக்ஸ்சேஞ்சர் உறையாமல் இருக்க, சில மெஷின்கள் உள்வரும் ஃபேனை மட்டும் நிறுத்திவிடும். அடுப்பு மூட்டுவதும் அதே குளிர் ராத்திரியில்தானே!

தீர்வுகள் என்ன?

1. அடுப்புக்குத் தேவையான காற்றைத் தனிக் குழாய் வழியா வெளியிலிருந்தே கொடுப்பது. கதவும் இறுக்கமா மூடணும். இந்த வகை அடுப்புக்கு அறையில் 8 பாஸ்கல் வரை குறைவழுத்தம் இருக்கலாம். அறைக் காற்றையே எடுக்கும் அடுப்புக்கு 4 பாஸ்கல்தான் எல்லை.

2. அழுத்தத்தைக் கண்காணிக்கும் சுவிட்ச். எல்லை தாண்டினால் ஃபேனை அதுவே நிறுத்திவிடும்.

3. காற்றை வெளியே தள்ளாமல் வடிகட்டித் திருப்பி விடும் கிச்சன் சிம்னி. அல்லது ஜன்னல் திறந்தால் மட்டுமே ஓடும் சிம்னி.

4. கார்பன் மோனாக்சைடு அலாரம். மற்ற மூன்றும் இருந்தாலும் இதுவும் வேணும்.

ஜெர்மனியில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான புகைபோக்கி வல்லுநர் பார்த்துச் சான்று தந்த பிறகே அடுப்பு மூட்ட முடியும். வீடு கட்டும் முன்பே அவரிடம் கேட்பதுதான் புத்திசாலித்தனம். அளவையும் கவனிக்கணும்: 150 சதுர மீட்டர் பாசிவ் ஹவுஸுக்கு உச்சக் குளிரிலும் சுமார் 1.5 கிலோவாட் போதும். 8 கிலோவாட் அடுப்பு வைத்தால் ஹாலே வெந்துடும்!

நம்ம ஊருக்கு விறகு அடுப்பு தேவையில்லை. ஆனா மூடிய பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் ஓடினால் அங்கேயும் இதே கெமிஸ்ட்ரிதான். வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், புகை எங்கே போகுது, காற்று எங்கிருந்து வருதுன்னு இன்னைக்கே போய்ப் பாருங்க.