மார்புக்குள் வைக்கும் பை: எது ஏற்றது?

1962-ம் ஆண்டு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரத்தில் உள்ள ஜெபர்ஸன் டேவிஸ் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் டிம்மி ஜீன் லிண்ட்சே. ஆறு குழந்தைகளின் தாய். மார்பில் குத்திக்கொண்ட ரோஜாப்பூப் பச்சையை அழிக்க வேண்டும் என்பதுதான் அவள் வந்த காரியம்.

டாக்டர்களோ வேறொன்று கேட்டார்கள். மார்பைப் பெரிதாக்கப் புதிதாக ஒரு பை செய்திருக்கிறோம், வைத்துக்கொள்ளச் சம்மதமா என்றார்கள். அவளுக்கு மார்பைப் பற்றி ஒரு குறையும் இல்லை. காதுகள் துருத்திக்கொண்டு நிற்பதுதான் குறை. காதையும் சரிசெய்து தருவதென்றால் சரி என்றாள். பேரம் முடிந்தது. உலகத்தில் முதன்முதலாக சிலிக்கோன் பை வைக்கப்பட்ட பெண் இவள்தான்!

அந்தப் பையைச் செய்தவர்கள் பிராங்க் ஜெரோ, தாமஸ் குரோனின் என்ற இரண்டு டாக்டர்கள். ரத்தம் நிரப்பிய பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துப் பார்த்தபோது, அது பெண்ணின் மார்பகம் போலவே மெத்தென்றிருக்கிறதே என்று ஜெரோவுக்குத் தோன்றியதாம். முதலில் எஸ்மரால்டா என்ற பெண் நாய்க்கு வைத்துப் பார்த்தார்கள். நாய்க்கு அடுத்தபடி இந்தத் தாய்.

அதற்கு முன்பு நடந்தவை பயங்கரம். பாரபின் மெழுகை ஊசியால் ஏற்றினார்கள். கடற்பஞ்சு போன்ற செயற்கைப் பொருளை வைத்தார்கள். சிலிக்கோன் திரவத்தையே நேராக ஊசி போட்டார்கள். மார்பு கல்லாக இறுகியது, புண்ணாயிற்று. இவற்றோடு ஒப்பிட்டால் உறைக்குள் அடைத்த கூழ் எவ்வளவோ மேல்.

அன்று அந்தப் பெண்ணுக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்கவில்லை. இருந்தது ஒரே மாதிரிப் பை. இன்று உலகெங்கும் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் இந்த ஆபரேஷனைச் செய்துகொள்கிறார்கள். அவர்கள் முன்னே எத்தனையோ ரகங்கள். ஜவுளிக்கடையில் சேலை எடுப்பது போல விஷயம் அத்தனை சுலபமல்ல. சேலையை மறுநாள் மாற்றிக்கொள்ளலாம்.

உப்புநீரா, கூழா?

முதல் கேள்வி இது. இரண்டுக்கும் மேலுறை சிலிக்கோன்தான். உள்ளே இருக்கும் பொருளில்தான் வித்தியாசம்.

உப்புநீர்ப் பையை வெறும் உறையாகச் சுருட்டி உள்ளே வைத்து, பிறகு நீரை நிரப்புவார்கள். ஆகவே சிறிய வெட்டு போதும். பை பொத்துக்கொண்டால் நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். மார்பு சப்பென்று வற்றிவிடும். கெட்டதிலும் ஒரு நல்லது, உடனே தெரிந்துவிடுகிறது. ஆனால் தொட்டால் இயற்கை போல இராது. ஒல்லியான பெண்களுக்குத் தோலின் மேலே சுருக்கம் கூடத் தெரியும்.

சிலிக்கோன் கூழ், தொடுவதற்கு மார்பகத்தைப் போலவே இருக்கும். ஆனால் உறை கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. வலியும் இராது. ஊமைக் காயம் மாதிரி. அதனால்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு யோசனை சொல்கிறது: ஆபரேஷன் முடிந்து ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு முறை, பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை, அல்ட்ரா சவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பையின் விலையைக் கேட்கிறவர்கள் இந்தப் படங்களின் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதே புத்திசாலித்தனம். வெறும் அழகுக்காக என்றால் அங்கே உப்புநீர்ப் பைக்கு 18 வயதும், கூழ்ப் பைக்கு 22 வயதும் நிரம்பியிருக்க வேண்டும்.

கூழ்ப் பையின் சரித்திரம் கரடுமுரடானது. இது வேறு நோய்களை உண்டாக்குகிறது என்று ஏராளமான பெண்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1992-ல் அமெரிக்க அரசு, அழகுக்காக இதை வைப்பதை நிறுத்தியது. 2006-ல்தான் மறுபடி அனுமதி கிடைத்தது.

எந்த அளவு?

பெண்கள் உள்ளாடையின் அளவைச் சொல்லிக் கேட்பது வழக்கம். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டாக்டர்கள் சொல்வது கனசென்டிமீட்டர் கணக்கு. 300 என்றால் அவ்வளவு கொள்ளளவு. வீட்டிலேயே மெல்லிய காலுறையில் அரிசியைக் கட்டி, உள்ளாடைக்குள் வைத்துக் கண்ணாடி முன் நின்று பார்க்கிற பெண்கள் அமெரிக்காவில் உண்டு! உத்தேசமாகத் தெரிந்துகொள்ள இது நல்ல வழிதான்.

ஆனால் கண்ணாடியை விட முக்கியமானது டாக்டர் கையிலுள்ள அளவுகோல். மார்பகத்தின் அடி அகலம் எத்தனை சென்டிமீட்டர் என்று அளப்பார். பையின் அகலம் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பை அக்குள் பக்கம் பிதுங்கும், அல்லது நடுவிலே இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். இதே 300-ல் அகலமாய்த் தட்டையாய் ஒரு பை உண்டு, குறுகலாய் முன்னே எழும்பியதும் உண்டு. சிநேகிதிக்கு வைத்த அளவே எனக்கும் வேண்டும் என்று கேட்பதில் அர்த்தமில்லை. மேலும், பெரிய பை கனமானது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தோலை நீட்டும், சதையை மெலியச் செய்யும்.

பிறகு டாக்டர் மார்பின் மேல்பகுதித் தோலைக் கிள்ளிப் பார்ப்பார். கனம் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்தால், பையை மார்புத் தசைக்கு அடியில் வைப்பதே வழக்கம். விளிம்பு வெளியே தெரியாது. ஆனால் கையை அழுத்தி வேலை செய்யும்போது தசை இறுகி, பையும் கூடவே நகரும். வெட்டு பெரும்பாலும் மார்பின் கீழ் மடிப்பில் போடப்படும். காம்பைச் சுற்றி வெட்டினால் பின்னால் பால் கொடுப்பதற்கு இடைஞ்சல் வரக்கூடும். பிள்ளை பெறும் எண்ணம் உள்ளவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வழவழப்பா, சொரசொரப்பா?

சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்வியில்தான் உயிரே அடங்கியிருக்கிறது.

உருண்டைப் பை உள்ளே சுற்றினாலும் உருவம் மாறாது. துளி வடிவப் பை சுற்றிவிட்டால் மார்பு கோணலாகிவிடும். அது அசையாமலிருக்க, உறையைச் சொரசொரப்பாகச் செய்தார்கள். சதை அந்தச் சொரசொரப்பைப் பிடித்துக்கொள்ளும். பையைச் சுற்றி உடம்பு கட்டும் ஜவ்வு இறுகி மார்பு கெட்டியாவதுதான் இந்த ஆபரேஷனில் அதிகம் வரும் தொல்லை. சொரசொரப்பு அதையும் குறைக்கும் என்று நம்பினார்கள்.

2011-ல் அமெரிக்க நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. பையைச் சுற்றியுள்ள ஜவ்வில் ஒருவகைப் புற்றுநோய் அபூர்வமாக வருகிறது. அது மார்பகப் புற்று அல்ல, நிணநீர்ப் புற்று. ஆராய ஆராய, அது சொரசொரப்புப் பையோடு சம்பந்தப்பட்டது என்பது தெளிவாயிற்று. 2019 ஜூலையில் உலகெங்கும் பதிவானவர்கள் 573 பேர். இறந்தவர்கள் 33 பேர். 573-ல் 481 பேர் வைத்திருந்தது அலர்கன் கம்பெனிப் பை. அந்த மாதமே அக்கம்பெனியின் 'பயோசெல்' ரகப் பைகள் திரும்பப் பெறப்பட்டன.

துளி வடிவத்தின் மேல் ஆசை வைக்கும் பெண்ணுக்கு இந்தக் கதையை டாக்டர் சொல்லியாக வேண்டும். 2021 முதல் அமெரிக்காவில் இது சட்டமாகவே இருக்கிறது. ஆபத்துகளை அச்சிட்ட தாளைப் பெண்ணிடம் கொடுத்து, படித்துக் கையெழுத்திட இடம் தர வேண்டும். பைகள் ஆயுளுக்கும் நீடிப்பவை அல்ல, ஒரு நாள் எடுக்கவோ மாற்றவோ நேரிடும் என்பதும் பெண்ணுக்கு அறிவிக்கப்பட வேண்டியவற்றில் ஒன்று.

கம்பெனியின் பெயரும் முக்கியம். பிரான்ஸ் நாட்டில் 'பிப்' என்ற கம்பெனி, மருத்துவத்துக்கு அல்லாத, தொழிற்சாலை உபயோகத்துக்கான மலிவு சிலிக்கோனைப் பைகளில் அடைத்து விற்றது. 2010-ல் குட்டு வெளிப்பட்டது. பிரான்ஸில் மட்டும் அந்தப் பையை வைத்துக்கொண்ட பெண்கள் சுமார் 30,000 பேர். முதலாளி ஜான் குளோட் மாஸுக்கு 2013-ல் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆபரேஷன் முடிந்ததும் பெண்ணிடம் ஒரு சிறு அட்டை கொடுப்பார்கள். கம்பெனி, ரகம், அளவு, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். பலர் அதைப் பெட்டியின் அடியில் போட்டு மறந்துவிடுகிறார்கள். 2019-ல் 'பயோசெல்' செய்தி வந்தபோது, பெண்கள் முதலில் தேட வேண்டியிருந்தது அந்த அட்டையைத்தான். இல்லாதவர்கள் டாக்டரிடம் போய், எத்தனையோ ஆண்டுகளுக்கு முந்தைய ஆபரேஷன் குறிப்பைப் புரட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டியதாயிற்று.