தலையெழுத்தை உருட்டும் பகடை

ஆள் பலசாலியா, நோஞ்சானா என்பதைப் பகடையே முடிவு செய்கிற விளையாட்டு ஒன்று 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'தான் அது. ஆடுபவர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ கதைக்குள் புகுந்து பேசி ஆடவேண்டும்.

வலிமை, அறிவு, விவேகம், லாகவம், உடல்திடம், வசீகரம் என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டி, விழுந்ததைக் கூட்டி எழுதிக்கொள்வார்கள். 18 விழ 216-ல் ஒரு வாய்ப்புதான். அதிகம் விழுவது 10-ம் 11-ம்.

சங்கடம் இங்கேதான். ஒருவருக்கு 16, 17 என்று வந்து, பக்கத்தில் இருப்பவருக்கு 6, 7 என்றே விழுந்தால்? ஒரு கதை மாதக்கணக்கில் ஓடும். அத்தனை நாளும் அவர் நோஞ்சானாகவே நடமாடவேண்டும், பாவம்!

1979-ல் வந்த ஆட்ட நடத்துநர் கையேடு ஒரு பரிகாரம் சொன்னது. நான்கு பகடைகளை உருட்டி, குறைந்ததைத் தள்ளிவிடலாம். சராசரி பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குச் சற்று மேலே ஏறியது.

பகடையே வேண்டாம் என்பவர்களுக்கு 2014 விதிநூலில் வேறு வழி உண்டு. எல்லோருக்கும் 27 புள்ளிகள். குணங்கள் 8-ல் தொடங்கும். 15-க்கு மேல் வாங்கமுடியாது. 14-க்கும் 15-க்கும் விலை கூடுதல். சம்பளத்துக்குள் குடும்பம் நடத்துகிற கணக்குதான்! நியாயமான முறை, ஆனால் பகடை உருளும்போது எழுகிற ஆரவாரம் இதில் ஏது? பலர் இன்னமும் நான்கு பகடைகளையே கையில் எடுக்கிறார்கள்.